குழு கற்பனை, குரல் நிஜம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சினிமாவுக்காக உருவாக்கப்பட்ட கற்பனை இசைக்குழுக்களுக்கு விருதும் தரவரிசையும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகக் கொடுக்கலாம். 1984-இல் வந்த நையாண்டிப் படத்தால் புகழ்பெற்ற 'ஸ்பைனல் டேப்' குழுவின் நடிகர்கள் தாங்களே பாட்டெழுதி, வாசித்து, பாடினார்கள்; 1992-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலிலும் மேடையேறினார்கள். அவர்களைப் போலி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

என் ஆதங்கம் வேறு. 2000-இல் வெளியான 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' படத்தில் 'சாகி பாட்டம் பாய்ஸ்' குழு பாடும்போது, மைக் முன் நின்று வாயசைப்பவர் ஜார்ஜ் குளூனி. (மனிதர் அசத்தலாகத்தான் அசைக்கிறார்!) குரல் டான் டிமின்ஸ்கியுடையது. அந்தப் பாட்டுக்கான கிராமி விருது அவருக்கும் உடன் பாடிய ஹார்லி ஆலன், பாட் என்ரைட் ஆகியோருக்கும் போனது, அதுதான் முறை. ஆனால், பல படங்களில் பாடியவர் பெயர் கடைசியில் ஓடும் பொடி எழுத்துகளோடு போய்விடுகிறது. அதற்குள் பாதி அரங்கம் காலி. கற்பனைக் குழுவின் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், பாடியவர், வாசித்தவர் பெயர்களையும் போடட்டும்.

இப்படிக்கு,
ஓர் இசை ரசிகர்