கேஜ் நின்றுபோனால் வால்வை மூட விடுங்கள்

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளையும் எரிபொருள் கிடங்குகளையும் நடத்தும் நிர்வாகங்களுக்கு,

வணக்கம். டேங்குகளுக்கு நடுவே பல வருடம் ஷிஃப்ட் பார்த்தவன் நான். அளவு நாடாவை உள்ளே இறக்கி, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து டிப் எழுதிய காலம் அது. அப்புறம் டேங்கின் மட்டத்தைத் தானே அளந்து காட்டும் கேஜ் வந்தது, திரையில் எண் வந்தது. நல்லதுதான். அந்த எண் அசையாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

2005 டிசம்பர் 11, இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு கிடங்கு. பைப்லைனில் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்த 912-ஆம் டேங்கின் கேஜ் அதிகாலை 3 மணியளவில் சிக்கி நின்றது. பெட்ரோல் நிற்கவில்லை. மட்டம் மீறினால் ஓட்டத்தை நிறுத்த, கேஜை நம்பாமல் தனியாக வைத்திருந்த உயர்மட்ட சுவிட்சும் வேலை செய்யவில்லை, ஏனென்றால் அதன் சோதனைக் கைப்பிடியைச் சரியான நிலையில் பிடித்துவைக்கும் பூட்டைப் போடவே இல்லை. 5.37-க்கு வழியத் தொடங்கியது. 2,50,000 லிட்டருக்கு மேல் கொட்டி, 6 மணிக்கு வெடித்தது. ஞாயிறு விடியற்காலை என்பதால் சுற்றியிருந்த அலுவலகங்களில் அதிகம் ஆளில்லை. 43 பேர் காயத்தோடு தப்பினார்கள்.

உச்சியிலிருந்து விழும் பெட்ரோல் துளித்துளியாகச் சிதறும். குளிர்காலப் பெட்ரோலில் சேர்க்கும் பியூட்டேன் சட்டென்று ஆவியாகும். காற்றைவிடக் கனமான அந்த ஆவி, காற்றடிக்காத இரவில், மூடுபனி போலத் தரையோடு பரவும். ஒரு பொறி போதும்.

என்னை உறுத்துவது வேறு. அந்தக் கேஜ் ஆகஸ்ட் கடைசியிலிருந்து 14 முறை சிக்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் எப்படியோ சரிசெய்தார்கள், சில முறை பதிவேட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். கேஜைத் தட்டி ஓடவைத்துவிட்டு, அடுத்த ஷிஃப்டுக்கு அதைச் சொல்லாமலே வீட்டுக்குப் போன இரவுகள் உண்டு. அதை இன்று நினைத்தால் நடுங்குகிறது.

அதே 2005, மார்ச் 23. அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும் ஒரு கோபுரம் நிரம்பிக்கொண்டே போனது, மட்டம் இறங்குவதாகக் கருவி காட்டியது. வெடித்ததில் 15 பேர் இறந்தார்கள். 2009-இல் புவெர்ட்டோ ரிக்கோவில் கப்பலிலிருந்து பெட்ரோல் இறக்கும்போது மறுபடியும் டேங்க் வழிந்து வெடித்தது.

ஏன் யாரும் வால்வை மூடவில்லை என்று கேட்பது சுலபம். பைப்லைன் அட்டவணையை வேறெங்கோ இருப்பவர்கள் போடுகிறார்கள். பன்ஸ்ஃபீல்டில் கடைசி நிமிடங்களில் ஓட்டம் மணிக்கு 550 கனமீட்டரிலிருந்து 890 வரை ஏறியது. அந்த ஓட்டத்தைத் தெரிந்துகொள்ளவோ கட்டுப்படுத்தவோ கிடங்கில் இருந்தவர்களுக்குப் போதிய வசதி இல்லை. வெளியே டேங்கர் லாரிகள் வரிசையில் நிற்கும்போது ஓட்டத்தை நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்ற கேள்விதான் முதலில் வரும். அந்தப் பயத்தோடுதான் ஷிஃப்ட் பார்த்தோம்.

அதனால் கேட்கிறேன். கேஜோடு தொடர்பில்லாமல், மட்டம் மீறினால் தானாகவே வால்வை மூடும் ஏற்பாடு ஒவ்வொரு பெட்ரோல் டேங்குக்கும் வேண்டும். அதைச் சோதித்துப் பார்த்தவரே மறுபடி பூட்டிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். சந்தேகம் வந்தால் யாரையும் கேட்காமல் பெட்ரோல் ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரத்தை ஷிஃப்ட் ஆளுக்கு எழுத்தில் கொடுங்கள்.

சரி, இதற்கெல்லாம் நாளாகும் என்றால் இந்த வாரமே ஒன்று செய்யலாம். கடந்த மூன்று மாதத்தில் கேஜ் எத்தனை முறை நின்றது என்று ஷிஃப்ட் ஆட்களை நேரில் உட்காரவைத்துக் கேளுங்கள், உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு. அவர்கள் சொல்லும் எண்ணைப் பதிவேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஷிஃப்ட் ஊழியர் ஒருவர்