அப்டேட் செய்த கையோடு பேட்டரியை மாற்றாதீர்கள்

ஆசிரியருக்கு,

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால், பலரும் விண்டோஸ் 11-க்கு மாறுகிறார்கள். மாறியதும் லேப்டாப்பில் சார்ஜ் மடமடவென இறங்கினால், உடனே புது பேட்டரி வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு. அப்டேட்டுக்குப் பின் கோப்புகளைத் தேடலுக்காக மறுபடி அட்டவணையிடும் வேலை பின்னணியில் ஓடக்கூடும். சார்ஜரைச் செருகி ஓரிரு நாள் விட்டால் அது அடங்கிவிடும்.

அடங்காவிட்டால், செட்டிங்ஸில் 'பவர் அண்ட் பேட்டரி' பகுதியில் எந்தச் செயலி அதிகம் உறிஞ்சுகிறது என்று பாருங்கள். அங்கே எதுவும் சிக்கவில்லையென்றால் டிஸ்ப்ளே டிரைவரை, அதாவது திரைக்காட்சியை இயக்கும் மென்பொருளை, சந்தேகிக்கலாம். டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பழைய டிரைவருக்குத் திரும்புங்கள். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால், தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கென உள்ள டிரைவரை நிறுவுங்கள்.

பேட்டரியே தேய்ந்துவிட்டதா என்று அறிய, கமாண்ட் பிராம்ப்டில் 'powercfg /batteryreport' என்ற கட்டளையைத் தட்டினால் அறிக்கை வரும். அதில் டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு) 50,000, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது பிடிக்கும் அளவு) 44,000 என்றிருந்தால் பேட்டரி நலம். இப்போதைய அளவு 25,000 என்றால் மாற்றத்தான் வேண்டும். அப்டேட்டின் மேல் பழியில்லை. பேட்டரி மாற்றச் சொல்லும் கடையில் முதலில் இந்த அறிக்கையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

– கணினி பழுதுநீக்குநர், திருச்சி