ரோமிலிருந்து ஒரு தவக்காலக் கடிதம்

ரோம்,
18.3.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான் சுகமாக இருக்கிறேன். நீயும் அப்பாவும் நலம்தானே?

முதலில் உன்னோடு ஒரு சண்டை. ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தவக்காலம் முழுக்க ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிறாயாமே, தம்பி சொன்னான். திருச்சபைச் சட்டப்படி ஒருசந்திக் கடமை 18 வயதிலிருந்து 59 வரைக்கும்தான். அதுவும் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும். உனக்கு அந்த வயது எப்போதோ தாண்டியாயிற்று. சர்க்கரை மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு மயங்கி விழுவதையெல்லாம் ஆண்டவர் தவக் கணக்கில் எழுத மாட்டார். ஒழுங்காகச் சாப்பிடு.

இங்கே விபூதிப் புதனன்று நெற்றியில் சிலுவை போடவில்லை. தலையைக் குனிந்தால் சாமியார் உச்சந்தலையில் ஒரு சிட்டிகை சாம்பலைத் தூவுகிறார், அவ்வளவுதான். கோயிலை விட்டு வெளியே வந்தால் யார் பூசைக்குப் போனார்கள், யார் போகவில்லை என்று ஒருவருக்கும் தெரியாது. நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள், பிறருக்குக் காட்டாதே என்று அன்றைக்கு வாசிக்கிற மத்தேயு நற்செய்திக்கு இதுதான் பொருத்தம் என்று தோன்றியது. வேலை செய்யும் வீட்டுக்கு வந்து, நான் பார்த்துக்கொள்ளும் இத்தாலியப் பாட்டிக்குத் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தேன். என் முடியிலிருந்து கொஞ்சம் சாம்பல் வெள்ளை உறையில் உதிர்ந்தது. தட்டிவிடப் போனேன். பாட்டி கையைப் பிடித்துக்கொண்டார். விரலால் அதைத் தொட்டு எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். படியிறங்கிக் கோயிலுக்குப் போக முடியாதவர். நான் ஒன்றும் பேசவில்லை.

இந்த ஊரில் தவக்காலத்துக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. நாளுக்கு ஒரு கோயில். ஆதி நூற்றாண்டுகளில் ரோமை ஆயர், அதாவது போப்பாண்டவர், மக்களோடு ஓரிடத்தில் கூடி, புனிதர்கள் மன்றாட்டு மாலை பாடிக்கொண்டே அன்றைய கோயிலுக்கு நடந்து போய்ப் பூசை வைப்பாராம். அந்த வரிசை இன்றும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. விபூதிப் புதனுக்கு சாந்தா சபீனா. அப்புறம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று. காலையில் ஆங்கிலப் பூசையும் உண்டு, அமெரிக்கக் குருமாணவர்கள் நடத்துகிறார்கள். எனக்கு வியாழன் மதியமும் ஞாயிறும்தான் லீவு, கிடைத்த வரைக்கும் போகிறேன். சாந்தா சபீனாவை வேறொரு ஞாயிறு போய்ப் பார்த்தேன். ஐந்தாம் நூற்றாண்டு மரக்கதவு, அதன் மேல் மூலையில் சின்னதாகச் சிலுவைப்பாடு. உலகத்தில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய சிலுவைப்பாட்டுச் சிற்பங்களில் அதுவும் ஒன்று. சிலுவை மரமே சரியாகத் தெரியவில்லை. ஆண்டவர் கண்ணைத் திறந்தபடி கைகளை விரித்து ஜெபிக்கிறவரைப் போல நிற்கிறார்.

போன வியாழன் சான் லொரென்சோ இன் பனிஸ்பெர்னா கோயில். லொரென்சோ என்று இங்கே சொல்கிற புனித லவுரென்சியாரை இரும்புக் கட்டிலில் வைத்து வாட்டிய இடம் என்று சொல்கிறார்கள். திருச்சபைச் சொத்தைக் கொண்டுவா என்று கேட்ட அதிகாரிக்கு முன்னால் ஏழைகளைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியவர். அன்றைய முதல் வாசகம் எஸ்தர் ராணியின் ஜெபம். இத்தாலியில் பாதிதான் புரிந்தது, உட்கார்ந்தபடியே போனில் தமிழ் பைபிளைத் திறந்து படித்தேன். அந்நிய நாட்டு அரண்மனையில் ஒரு யூதப் பெண். தனியாக இருக்கிறேன், உம்மைத் தவிர எனக்கு யாரும் இல்லை என்று கெஞ்சுகிறாள். எத்தனை வருஷம் காதில் விழுந்திருக்கும் அம்மா! ஊரில் நம் குடும்பம் ஒரு பெஞ்சு முழுக்க உட்கார்ந்திருக்கும்போது அது எனக்குள் இறங்கவே இல்லை. இங்கே இரண்டு பக்கமும் தெரியாத ஆட்கள். அழுகை வந்துவிட்டது. கவலைப்படாதே, துக்க அழுகை இல்லை. தவக்காலம் என்றால் பாவத்தைக் கணக்குப் பார்க்கிற காலம் என்றே நினைத்திருந்தேன். கடவுளிடம் இப்படி வெறும் கையோடு போய் நிற்பதும் தவக்காலம்தான் போல.

போப்பாண்டவர் பிரான்சிஸ் பிப்ரவரி 14 முதல் ஆஸ்பத்திரியில் இருப்பது உனக்குத் தெரியும். வத்திக்கானில் ராயப்பர் சதுக்கத்தில் இரவுதோறும் அவருக்காக ஜெபமாலை சொல்கிறார்கள். 6ஆம் தேதி அவர் குரலை அங்கே போட்டார்கள். மூச்சு வாங்க, ஸ்பானிஷில் நன்றி சொன்னார். பாட்டி அழுதுவிட்டார். அன்றிலிருந்து டிவியைப் பார்த்து நாங்களும் சொல்கிறோம். அருள் நிறைந்த மரியே என்று பாட்டி இத்தாலியில் தொடங்குவார், அர்ச்சிஷ்ட மரியாயே என்று நான் தமிழில் முடிப்பேன். மாதாவுக்குப் புரியாமலா போகும்!

நான் என்ன விட்டேன் என்று கேட்பாய். இறைச்சியை விடுவதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமில்லை. கீழ்வீட்டில் வேலை செய்கிற ருமேனியாக்கார அக்கா ஆர்த்தடாக்ஸ் சபைக் கிறிஸ்தவர். பாலும் முட்டையும்கூடத் தொடுவதில்லை. இந்த வருஷம் அவர்களுக்கும் நமக்கும் ஈஸ்டர் ஒரே நாள், ஏப்ரல் 20. நான் எடுத்துக்கொண்டது வேறு. பாட்டி தன் கல்யாணக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார். அதை முதல் தடவை கேட்பதுபோலக் கேட்க வேண்டும். சிரிக்காதே, ஒருசந்தியைவிட இது கஷ்டம்.

வருகிற வியாழன் திரஸ்தேவெரே மாதா கோயில். தம்பியிடம் ஒன்று சொல். உன் பழைய ஜெபப் புத்தகத்தில் சிலுவைப்பாதைப் பக்கங்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். போனில் கிடைப்பதெல்லாம் புதுசு, எனக்கு வாயில் வருவது பழையதுதான். வெளிச்சத்தில் வைத்து எடுக்கச் சொல், போன தடவை பாதிப் பக்கம் நிழலாக இருந்தது.

அன்புடன்,
உன் மகள்