இடது பக்கமே போன அம்புகள்

தண்டையார்பேட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

நாலு மாசமாகப் பதில் போடவில்லை. திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, மற்றபடி எல்லாரும் நலம். தடைக்காலம் முடிந்து காசிமேட்டில் நல்ல மீன் வருகிறது. நீ ஓசூரில் ஐஸ் மீனைத் தின்றுவிட்டு அதை வஞ்சிரம் என்று சொல்லிக்கொண்டிரு. குண்டு சேகர் உன்னைக் கேட்டான். அந்த இருநூறு ரூபாயை அவன் இன்னும் மறக்கவில்லை.

சரி, விஷயம் பாப்பாவைப் பற்றியது. போன வருஷம் வில்வித்தையில் சேர்த்தேன் என்று சொன்னேன் இல்லையா? மூன்று மாசமாக அவள் விட்ட அம்பெல்லாம் இடது பக்கமே போனது. ஒன்றிரண்டு அல்ல, எல்லாமே. நிற்பதை மாற்றினார்கள், பிடியை மாற்றினார்கள், விரலை விடுவதை மாற்றினார்கள். நானும் என் பங்குக்குக் கத்தினேன். ஒரு நாள் மெட்ரோவில் திரும்பும்போது, "என் கை சரியில்லைப்பா, நிறுத்திடலாம்" என்றாள். வண்ணாரப்பேட்டை வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

கோளாறு அவள் கையில் இல்லைடா, அம்பில்!

அந்த அம்புகள் அங்கே பயிற்சி எடுக்கும் ஒரு பெரிய பையனிடம் பழசாக வாங்கியவை. அவன் இழுப்பது 40 பவுண்டு வில், அதாவது முழுசாக இழுத்துப் பிடிக்க அவ்வளவு பலம் வேண்டும். இவளுடைய வில்லில் 26 பவுண்டு என்று போட்டிருக்கிறது, ஆனால் அது 28 அங்குலம் இழுத்தால்தான். இவள் இழுப்பது 26 அங்குலம். அங்குலத்துக்கு ஏறக்குறைய 2 பவுண்டு குறையும் என்றால் கையில் வருவது 22 பவுண்டுதான். அம்பின் மேல் 500 என்று அச்சடித்திருந்தது. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

அதற்குப் பெயர் ஸ்பைன். தண்டு எவ்வளவு விறைப்பு என்பதற்கான அளவு. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் அம்பை வைத்து, நடுவில் 880 கிராம் தொங்கவிட வேண்டும். அரை அங்குலம் தொய்ந்தால், அதாவது 0.500, அது 500. 0.900 அங்குலம் தொய்ந்தால் 900. எண் ஏற ஏற அம்பு தளர்வு. இங்கேதான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். மர அம்புக்கு இன்னொரு கணக்கு: அங்கே பவுண்டில் சொல்வார்கள், எண் ஏறினால் விறைப்பு. அலுமினிய அம்பில் 1816 என்று போட்டிருந்தால் அது வேறு. குழாயின் குறுக்களவு 18/64 அங்குலம், சுவரின் கனம் 16/1000 அங்குலம். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அம்பு ஏன் வளைய வேண்டும் என்றுதானே கேட்பாய்? நானும் நேராகப் பாய்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். விரலை விட்டதும் நாண் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வருகிறது. அம்பின் வாலைத் தள்ளுகிறது, முனையோ கனத்தால் அப்படியே நிற்கப் பார்க்கிறது. நடுவில் மாட்டிய தண்டு வளைகிறது. ஒரு பக்கம் வளைந்து, மறுபக்கம் வளைந்து, விலாங்கு நெளிவதுபோல் வில்லைச் சுற்றிக்கொண்டு போகிறது. 1930-களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்கர் இதை அதிவேகக் கேமராவில் படமெடுத்துக் காட்டினார். விறைப்பு அதிகமான அம்பு போதுமான அளவு வளையாது, வலக்கைக்காரருக்கு இடது பக்கம் போகும். தளர்வான அம்பு வலது பக்கம் போகும். பாப்பாவின் 22 பவுண்டுக்கு அந்த 500 விறைப்பு அதிகம். நம் சின்ன வயசு விளக்குமாற்று ஈர்க்கு ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் தாத்தாவின் குடைக்கம்பி? அந்த ஜன்னல் விஷயம் இன்றுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது.

நம்பிக்கை வரவேண்டும் என்று வீட்டிலேயே அளந்தேன். இரண்டு ஸ்டூலை 71 சென்டிமீட்டர் தள்ளிப் போட்டேன். மளிகைக்கடை அண்ணனிடம் மணலும் கொக்கியும் சேர்த்துச் சரியாக 880 கிராம் நிறுத்து வாங்கினேன். பாப்பா தரையில் படுத்துக்கொண்டு ஸ்டீல் ஸ்கேலைப் பிடித்தாள். பை தொங்கியதும் அம்பு மெதுவாக இறங்கி நின்றது. "பதிமூணு மில்லி வரலைப்பா, கொஞ்சம் கம்மி." அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். அவளே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே! அந்த இடத்திலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அச்சடித்த எண் மட்டும் போதாது என்பதும் அப்புறம்தான் புரிந்தது. அதே தண்டை நீளமாக விட்டால் தளர்வாக நடந்துகொள்ளும், வெட்டினால் விறைக்கும். முனையின் எடையைக் கூட்டினாலும் தளரும். அந்த 500-ஐ முனை மாற்றி ஒப்பேற்றலாமா என்று பார்த்தேன். முனை எடையை 100 கிரெயினிலிருந்து (அம்பு முனையை நிறுக்கும் சின்ன அலகு) 150 ஆக்கினாலும் அந்தப் பள்ளத்தை அடைக்க முடியாது. 900 வாங்கினோம். முதலில் வெட்டாமலே விட்டு, இறகு ஒட்டாத மொட்டை அம்பு ஒன்றையும் சேர்த்து 18 மீட்டரில் எய்து பார்த்தாள். மொட்டை அம்பு வலது பக்கம் போனது. கொஞ்சம் வெட்டினோம், கிட்டே வந்தது. இன்னும் கால் அங்குலம் வெட்டியதும் மற்ற அம்புகளுக்குப் பக்கத்திலேயே போய்க் குத்தி நின்றது. அவள் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாள் ஆகியிருந்தது தெரியுமா?

இப்போது என் கவலை மற்ற பிள்ளைகளைப் பற்றி. அங்கே அஞ்சாறு பேர் பழைய அம்பில்தான் எய்கிறார்கள், பாதிக்கு எண்ணே அழிந்துபோயிருக்கிறது. பலமான வில்லில் மிகத் தளர்வான கார்பன் அம்பைப் போட்டால் விடும்போதே பிளந்து சிலாம்பு கையில் ஏறிவிடலாம். அது விளையாட்டு இல்லை.

அதனால் உன் பட்டறையில் ஒன்று செய்து கொடு. இரண்டு பேரிங் தாங்கிகள், நடுவுக்கு நடு சரியாக 28 அங்குலம். நடுவில் தொய்வைக் காட்டும் டயல் கேஜ், 30 மில்லிமீட்டராவது ஓட வேண்டும். 880 கிராம் எடைக்கல், கொக்கியோடு சேர்த்து. அம்பைத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் அளக்க வசதி வேண்டும், சில தண்டு ஒரு பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருக்கிறது. காசு எவ்வளவு என்று சொல், தள்ளுபடி வேண்டாம்.

ஆடிக்கு ஊருக்கு வரும்போது கையோடு கொண்டு வா. கேஜை மட்டும் தனியாகத் துணியில் சுற்றி வை, ரயிலில் இடிபடும். வஞ்சிரம் நான் வாங்கி வைக்கிறேன்.

உன்
மச்சான்