பரணில் கிடந்த கணக்கு நோட்டுகள்

அன்புள்ள பாப்பா,

கொரியாவில் ஜியோன்ஜுவிலிருந்து நீ அனுப்பிய பார்சல் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. அம்மா முதலில் முகத்துக்குப் போடும் கிரீமைத்தான் தேடினாள். எனக்கோ, அடியில் சுருட்டி வைத்திருந்த இரண்டு ஹான்ஜி தாள், அந்த ஊர்க் கைத்தாள். ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு பீரோவில் வைத்தேன். இன்னொன்றைக் கிழித்தேன். கோபப்படாதே. 40 வருடம் பைண்டிங் வேலை பார்த்தவன் கையில் புதுத் தாள் கிடைத்தால் கிழிக்காமல் விடமாட்டான்.

எந்தத் தாளுக்கும் ஒரு ஓட்டம் உண்டு என்று சின்ன வயதிலேயே உனக்குக் காட்டியிருக்கிறேன். தினசரிப் பேப்பரை ஒரு பக்கமாகக் கிழித்தால் ஸ்கேல் வைத்த மாதிரி நேராகப் போகும். மறு பக்கமாகக் கிழித்தால் கோணிக்கொள்ளும். ஓட்டம் பார்க்காமல் அட்டையில் ஒட்டினால் மறுநாள் காலையில் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து நிற்கும். உன் தாளை நெடுக்கிலும் இழுத்தேன், குறுக்கிலும் இழுத்தேன். இரண்டு பக்கமும் ஒரே பிடிவாதம். கடைசியில் விட்டுக்கொடுத்தபோதும் விளிம்பு வெட்டியதுபோல் இல்லை. மயிர் மயிராக நீள நார் தொங்கியது.

அதற்கப்புறம்தான் ஹான்ஜி செய்வதைக் காட்டி நீ முன்பே அனுப்பிய வீடியோவை முழுசாகப் பார்த்தேன். அப்போது பாதியில் நிறுத்திவிட்டு ‘பார்த்தேன், நன்றாக இருக்கிறது’ என்று பொய் சொன்னேன். ஒற்றைக் கயிற்றில் தொங்கும் மூங்கில் தட்டியை அந்தப் பெரியவர் தொட்டிக்குள் விட்டு, கூழை ஒரு முறை முன்னிருந்து பின்னுக்கு ஓடவிடுகிறார். பிறகு இடமும் வலமுமாக எத்தனை வீச்சு! நார் குறுக்கும் நெடுக்குமாகப் படிகிறது. அப்படி எடுத்த இரண்டு தாளைத் தலைமாற்றி ஒன்றன்மேல் ஒன்று போட்டு ஒரே தாளாக்குகிறார். பிறகு ஓட்டம் எங்கிருந்து இருக்கும்? மெஷின் தாளில் நார் பெரும்பாலும் மெஷின் ஓடும் பக்கமே படுத்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தொட்டியில் ஊற்றும் கொழகொழப்பு வெண்டைச் செடிக்குச் சொந்தக்காரச் செடி ஒன்றின் வேரிலிருந்து வருவது என்று அம்மாவிடம் சொன்னேன். “வெண்டைக்காய்ப் பச்சடியைக் கண்டாலே தட்டைத் தள்ளுவாளே!” என்றாள். சூடு ஏறினால் அது நீர்த்துவிடும், அதனால் குளிர்காலத் தாள்தான் நல்ல தாள் என்கிறாய். சரி. ஆனால் அந்தத் தண்ணீரில் நின்று உன் விரல் நுனியெல்லாம் வெடித்திருப்பது வீடியோவில் தெரிகிறது. ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவு. தாளில் கறை படும் என்று சாக்குச் சொல்லாதே.

இப்போது அந்தப் பேச்சுக்கு வருகிறேன். பரணில் கிடக்கும் பழைய கணக்கு நோட்டுகளை அனுப்புங்கள், கயிறாகத் திரித்து என் வேலையில் சேர்க்கப் போகிறேன் என்று நீ கேட்டாய். ‘படித்த படிப்புக்குப் பழைய பேப்பர்காரன் வேலையா’ என்றேன். நீ பதில் பேசாமல் சுன் குவாங் யங் என்ற கொரியக் கலைஞர் செய்தவற்றின் படங்களை மட்டும் அனுப்பினாய். முதலில் எனக்கு வயிறு எரிந்தது. பழைய புத்தகத் தாளைப் பிரித்து, ஆயிரக்கணக்கான சின்ன முக்கோணங்களில் சுற்றிக் கட்டியிருக்கிறார். பிரிந்த புத்தகத்தைச் சேர்த்துத் தைப்பது என் பிழைப்பு. இதை எப்படி ரசிப்பேன்?

ஆனால் அவர் சின்ன வயதில் உறவினரின் மருந்துக் கடையில், கூரையிலிருந்து தொங்கிய மூலிகைப் பொட்டலங்களைப் பார்த்து வளர்ந்தவர் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் மறுபடி படத்தை எடுத்தேன். ஒவ்வொரு முக்கோணமும் பொட்டலம்! தாளிலேயே திரித்த நூலால் கட்டிய பொட்டலம். எங்கள் தாத்தா நாட்டுமருந்துக் கடையில் திரிபலாவைத் தாளில் மடித்து, சணலை நாலு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டுப் பல்லால் கடித்து அறுப்பார். அந்த வாசனை வந்துவிட்டது. இன்னமும் புத்தகத்தைப் பிரித்தது எனக்கு உவப்பில்லை. இருந்தாலும் அவர் செய்தது கிழிப்பு இல்லை, கட்டு.

தாளைக் கயிறாகத் திரித்துப் பின்னும் கலைக்கு ஜிசங் என்று பெயர் சொன்னாய், இல்லையா? கூடை, செருப்பு எல்லாம் பின்னியிருக்கிறார்கள். மணப்பெண் பல்லக்கில் கொண்டுபோகிற சிறுநீர்ப் பாத்திரத்தைக்கூட, சத்தம் வெளியே கேட்காமலிருக்கத் தாளில் பின்னி மேலே பூச்சுப் பூசினார்கள் என்றாயே, அதைக் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கொரியாவில் பழைய புத்தகங்களுக்கு ஐந்து துளை போட்டுச் சிவப்பு நூலில் தைப்பார்கள் என்றதையும் செய்து பார்த்தேன். நன்றாகத்தான் பிடிக்கிறது. துளை இடைவெளியை அளந்து அனுப்பு.

கொரியாவின் அந்த புல்குக்சா புத்தர் கோயில் விஷயம்தான் தூக்கத்தைக் கெடுத்தது. 1966-ல் கல் கோபுரத்தைப் பிரித்தபோது கிடைத்த, தாளில் அச்சிட்ட சூத்திரச் சுருள் 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்ததாமே. நான் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டியதெல்லாம் என் ஆயுசுக்குத் தாங்கினாலே பெரிது.

அதனால் பரண் ஏறினேன். 11 நோட்டு, நம் கடைக் கணக்கு மட்டும். பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வராதவர்களின் புத்தகங்களைத் தரமாட்டேன். அது அடுத்தவர் பொருள். இந்தத் தாள் உன் ஹான்ஜி மாதிரி கிடையாது. அப்படியே திரித்தால் நொறுங்கும். பின்னால் மெல்லிய ஹான்ஜியை நீர்த்த பசையில் ஒட்டிக் காயவைத்து, ஓட்டத்தின் போக்கிலேயே பட்டையாக வெட்டு. பசையில் மயில்துத்தம் வேண்டாம், நிறம் ஏறும். நீ ஈரத் தாளைக் கசக்கிக் கசக்கித் தோல் மாதிரி ஆக்குகிறாயே, அந்த ஜூம்சிக்கு மைப்பேனாவில் எழுதிய பக்கங்கள் ஆகாது, கலங்கிவிடும். பால்பாயிண்ட் பக்கங்களுக்கு ஓரத்தில் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன்.

ஏழாவது நோட்டில் ஒரு பக்கம் இருக்காது. நாலு வயதில் நீ பட்டறை மேஜையில் ஏறி, ஒரு வாடிக்கையாளர் பாக்கியின்மேல் வயலட் பென்சிலால் யானை வரைந்த பக்கம். நான் வெடுக்கென்று பிடுங்கியதில் அன்றைக்குக் கிழிந்துவிட்டது. நீ அனுப்பிய தாளில் நான் கிழித்த துண்டை வைத்து நேற்றுதான் அதை ஒட்டினேன். யானையின் தும்பிக்கை கொஞ்சம் விலகித்தான் உட்கார்ந்திருக்கிறது.

அப்பா