லத்தீனோ மனநலத்தை ஆராயும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

உளவியல் படிக்க அமெரிக்கா வருகிற உங்களில் சிலர் லத்தீனோ மக்களின், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின், மனநலத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறீர்கள். சந்தோஷம். 2020 கணக்கெடுப்பின்படி இங்கே அவர்கள் 6.2 கோடிப் பேர். ஆனால் திருத்தித் தரச்சொல்லி என்னிடம் வந்த வரைவுகளில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: "லத்தீனோக்கள் பண்பாட்டுக் காரணங்களால் சிகிச்சைக்குத் தயங்குகிறார்கள்." அந்த வாக்கியத்தோடு எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு.

பல வருஷங்களுக்கு முன் கலிஃபோர்னியாவில் ஒரு சின்ன மருத்துவமனையில் கேள்வித்தாள் நிரப்பும் வேலை பார்த்தேன். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஓர் அம்மா வந்தார். ஸ்பானிஷ் தெரிந்த ஊழியர் அன்று விடுப்பு. கூட வந்த பன்னிரண்டு வயது மகனே மொழிபெயர்த்தான். தாளில் 20 கேள்விகள். 1977இல் வந்த, இன்றும் புழங்குகிற மனச்சோர்வு அளவுகோல். அதில் 'ப்ளூஸ்' என்றொரு சொல் வரும். ஆங்கிலத்தில் மனச்சோகம் என்று பொருள், ஆனால் 'ப்ளூ' என்றால் நீலம். பையன் யோசித்து ஏதோ கேட்டான். அம்மா குனிந்து தன் நீலச் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்து, "என் வாழ்க்கை ஒரு தோல்வி என்று நினைத்தேன்." பெற்ற பிள்ளை வாயால் இதைக் கேட்டால் எந்தத் தாய் ஆமாம் என்பாள்? அவர் பிடரியைத் தடவிக்கொண்டு "நெர்வியோஸ்" என்றார். நரம்புகள் என்று அர்த்தம். என் பெரியம்மா இருபது வருஷம் 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி டானிக் குடித்தவர். எனக்குப் புரிந்திருக்க வேண்டும். தாளில் அதற்குக் கட்டம் இல்லை. 'இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். இதில் தயங்கியது யார் பண்பாடு?

அந்தச் சொல்லிலேயே கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் 1980களில் நடந்த ஒரு கணக்கெடுப்பில் 'அட்டாகே டெ நெர்வியோஸ்' (நரம்புத் தாக்கு) வந்ததுண்டா என்று அந்த மக்களின் சொல்லாலேயே கேட்டார்கள். சுமார் 16 சதவீதம் பேர் உண்டு என்றார்கள். மருத்துவ மானுடவியலாளர் பீட்டர் குவார்னாச்சியாவின் குழு அதை அலசி எழுதியது. துக்கச் செய்தி கேட்டதும் அலறி, உடல் நடுங்கி, விழுந்து எழும் நிலை அது. நம் ஊர் இழவு வீட்டில் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

இனி எண்களுக்கு வருகிறேன். கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ பகுதியில் மெக்சிகோ வம்சாவளியினர் சுமார் 3,000 பேரிடம் பேசி வில்லியம் வேகா குழு 1998இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. வாழ்நாளில் ஏதோவொரு மனநலக் கோளாறு கண்டவர்கள், அமெரிக்காவில் பிறந்தவர்களில் ஏறக்குறையப் பாதி. மெக்சிகோவிலிருந்து வந்தவர்களில் கால்வாசி. அவர்களிலும் இங்கே அதிக வருஷம் இருந்தவர்களிடம் விகிதம் கூடியிருந்தது. பண்பாடுதான் நோய் என்றால் ஊர் மண் காலில் ஒட்டியிருப்பவர்களல்லவா அதிகம் வாடியிருக்க வேண்டும்?

உடனே "பண்பாடுதான் மருந்து" என்று எழுதிவிடாதீர்கள், அதுவும் அவசரம். 2002-03இல் நாடு தழுவி எடுத்த கணக்கெடுப்பை மார்கரீட்டா அலெக்ரியா குழு பிரித்துப் பார்த்தபோது, மெக்சிகர்களுக்குப் பொருந்திய இந்தச் சித்திரம் புவேர்ட்டோ ரிக்கர்களுக்குப் பொருந்தவில்லை. அவர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். எல்லை தாண்டி வந்தவர்கள் அல்ல. 'லத்தீனோ' என்று ஒரே கட்டத்தில் டிக் அடித்தால் இது கண்ணில் படாது.

உங்கள் கேள்வித்தாளில் இல்லாத இன்னொன்று, சட்டமும் அது தரும் பயமும். 2008 மே மாதம் ஐயோவாவின் போஸ்ட்வில் ஊரில் ஓர் இறைச்சி ஆலையைக் குடியேற்ற அதிகாரிகள் சுற்றி வளைத்து 389 பேரைக் கைது செய்தார்கள். அதன்பின் அந்த மாநிலத்து லத்தீனாத் தாய்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் அபாயம், முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 24 சதவீதம் கூடியிருந்தது. குடியுரிமை பிறப்பிலேயே கிடைத்த, அமெரிக்காவில் பிறந்த தாய்களுக்கும்தான். இதற்கு நேர்மாறாக, சிறு வயதில் ஆவணமின்றி அமெரிக்கா வந்தவர்களுக்காக 2012இல் வந்த டாக்கா (DACA) திட்டத்தில் நாடுகடத்தலிலிருந்து பாதுகாப்புப் பெறும் தகுதி கிடைத்த தாய்களின் பிள்ளைகளை அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பார்த்தார்கள். பிள்ளைகளிடம் பதற்றக் கோளாறும் சூழலோடு ஒத்துப்போக இயலாத கோளாறும் பாதிக்குமேல் குறைந்திருந்தன. ஆலோசனை இல்லை, மாத்திரை இல்லை. அம்மாவுக்கு ஒரு குடியேற்றக் காகிதம் பெறும் தகுதி கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆகவே என் வேண்டுகோள் இது. எந்த நாட்டவர், எந்தத் தலைமுறை, வீட்டில் யாரிடமாவது காகிதம் இல்லை என்ற பயம் உண்டா (பயத்தைக் கேளுங்கள், காகிதத்தைக் கேட்காதீர்கள்), பக்கத்தில் ஸ்பானிஷ் பேசும் ஆலோசகர் உண்டா, வேலை நாளில் அரைநாள் கூலி இழக்காமல் அங்கே போக முடியுமா என்பதெல்லாம் தாளில் வரட்டும். குழந்தையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். இதையெல்லாம் கேட்டு முடித்தபிறகும் 'தயக்கம்' மிச்சமிருந்தால், அதற்குப் பண்பாடு என்று பெயர் வைப்பது பற்றி நாம் சண்டை போடலாம்.

அதுவரை அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு வரைவை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து படிக்கிறேன்.

அன்புடன்,
அந்தத் தாளில் 'இல்லை' என்று குறித்தவள்