மும்பைத் தமிழர் பழம்பொருள் ஆர்வலர் சங்கத்தின் ஆண்டறிக்கை 2024–25: செயலாளர் சமர்ப்பிப்பது

தலைவர் அவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு 4 முறை கூடியது. பொங்கல் விழா வழக்கம்போல் மாட்டுங்காவில் நடந்தது. ஆகஸ்டில் கோட்டைப் பகுதியிலுள்ள ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தோம். 9 பேர் வந்தார்கள். மறைந்த 2 உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

அடுத்து, வீட்டிலுள்ள பழைய காசையும் பொருளையும் கொண்டுவருவோருக்கு அது அசலா, என்ன பெறும் என்று பார்த்துச் சொல்ல மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு காலை நடத்திய மதிப்பு பார்க்கும் நாள். இது தேவையா என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் ஆட்கள் வீடுகளில் பெரியவர் ஒருவர் காலமானாலோ, பழைய கட்டடத்தை இடித்தாலோ, முதலில் வாசலுக்கு வருபவர் பழைய இரும்பு, பித்தளையை எடைக்கு வாங்கும் பங்கார்காரர்தான். தாத்தாவின் வெற்றிலைச் செல்லமும் ஓட்டைக் குழாயும் அவர் தராசில் ஒரே பித்தளை. அதைத் தடுக்க வேண்டும் என்றுதான் இதை ஆரம்பித்தேன். மழையால் ஜூலையும், மண்டபம் கிடைக்காமல் அக்டோபரும் போக, 10 மாதம் நடத்தினோம்.

நவம்பரில் தாராவியிலிருந்து ஒரு அம்மா 6 வெள்ளி ரூபாய்களை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். முதல் நாள் இரவு விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தார். "சுத்தமா இருந்தாத்தானே அண்ணாச்சி நல்ல விலை கிடைக்கும்?" என்றார். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ராஜா முகமெல்லாம் மெல்லிய கீறல். பழைய காசில் காலம் ஏற்றிய கருநிறத்தைத்தான் சேகரிப்பவர் விரும்புகிறார். தேய்த்த காசுக்கு அவர் விலையைக் குறைத்துவிடுவார். தயவுசெய்து வீட்டில் எல்லோரிடமும் இதைச் சொல்லுங்கள்.

அந்த ஆறில் ஒன்று 1939. அந்த ஆண்டு ரூபாய் அரிது என்பது நமக்குத் தெரியும். எடை சரியாக 11.66 கிராம். ஆனால் கண்ணாடி வழியே பார்த்தபோது, கடைசி எண்ணின் கீழ் வளையத்தில் இடப்பக்கம் சுரண்டிய தடம் தெரிந்தது. 1938-ஐ 1939 ஆக்கியிருக்கிறார்கள். காசு அசல், வருஷம் பொய். அதனால்தான் எடை ஒத்துப்போனது. மற்ற ஐந்தையும் எழுதிக் கொடுத்தோம்: 1918 காசில் வெள்ளி 10.69 கிராம், 1940-இல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டதால் 1944 காசில் 5.83 கிராம்தான். அந்த அம்மாவின் முகம் வாடியது. அப்புறம்தான் சொன்னார்: லட்சங்கள் தருவதாக ஒருவர் போனில் பேசி, ரிசர்வ் வங்கிப் பதிவுக் கட்டணம் என்று 5,000 ரூபாய் கேட்டிருக்கிறாராம். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணம் கேட்பது மோசடி என்று அந்த வங்கியே 2021-இல் எச்சரித்திருக்கிறது. அவருடைய 5,000 ரூபாய் தப்பியது. இந்த ஒரு காலைக்காகவே இந்த ஏற்பாடு தேவை என்று நான் நம்புகிறேன்.

பிப்ரவரியில் செம்பூர் மாமி ஒருவர் ரவி வர்மா அச்சகத்து லட்சுமி படம் கொண்டுவந்தார். அந்த அச்சகம் 1894-இல் நம் காட்கோபரில் தொடங்கியது, பிறகு லோனாவாலா பக்கம் மளவலிக்குப் போனது. வெறும் காகிதம் என்று சொல்லி ஒரு வியாபாரி 800 ரூபாய்க்குக் கேட்டாராம். இக்கால அச்சாக இருந்தால் புள்ளிகள் பூப்போல ஒழுங்காக வட்டமிட்டு நிற்கும். இதில் அந்தக்காலக் கல் அச்சுக்கே உரிய ஒழுங்கற்ற பொடிப்புள்ளி, அதாவது பழைய அச்சேதான். பழைய மரச்சட்டத்தையும் கழற்றவில்லை. மாமி விற்கவில்லை, பேத்திக்கு என்று சொல்லித் திரும்ப எடுத்துப்போனார்.

எல்லோரும் கேட்பது "இது எவ்வளவுக்குப் போகும்?" என்றுதான். பழம்பொருள் கடைகள் இருக்கும் சோர் பஜாரில் கேட்கும் விலை வேறு, அதே கடைக்காரர் நம்மிடம் வாங்கும் விலை வேறு. மாதக்கணக்கில் பணத்தை முடக்கிப் பொருளை வைத்திருப்பவர் குறைத்துக் கேட்பதைத் திருட்டு என்று நான் சொல்லமாட்டேன். ஏலத்தில் கமிஷன் போகும். இணையத்தில் போட்டிருப்பது விற்பவரின் ஆசை. விற்று முடிந்த விலையைத்தான் பார்க்க வேண்டும். ஒருவர் பழைய உலோகச் சிலை கொண்டுவந்தபோது விலை சொல்ல மறுத்தேன், அது அவருக்கு வருத்தம். 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிலையைப் பதிவு செய்யச் சொல்லும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. முதலில் தொல்லியல் துறைப் பதிவு அலுவலரிடம் போகச் சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

இவ்வளவும் 4 பேர் செய்த வேலை. செயற்குழுவில் 11 பேர் இருக்கிறோம். 3 பேரை ஆண்டு முழுவதும் நான் பார்க்கவே இல்லை. போன் செய்தால் "அடுத்த மாசம் கண்டிப்பா" என்கிறார்கள். வெளியிலிருந்து வரும் பெண்கள் வரிசையில் நிற்க, காசு எடை போட ஆளில்லாமல் நான் தவித்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. சங்கத்தின் சிறு மின்தராசை டிசம்பரில் வாங்கிப்போன உறுப்பினர் இன்னும் தரவில்லை. அதன் பிறகு நகைக்கடை நண்பரிடம் இரவல் வாங்கியே சமாளிக்கிறோம்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய நேராக இருக்கின்றன, கையிருப்பு கொஞ்சம் உண்டு, விவரம் பொருளாளரிடம். ஆனால் 62 உறுப்பினர்களில் ஆண்டுச் சந்தா 600 ரூபாயைக் கட்டியவர்கள் 23 பேர். மண்டப வாடகையில் இரண்டு மாதம் நானும் தலைவரும் போட்டது.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், மண்டபக் காவலர், டீ போட்டுத் தந்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். 6 வருஷம் இந்தப் பொறுப்பில் இருந்துவிட்டேன். வலக்கண்ணில் புரை எடுத்தாயிற்று, இடக்கண்ணுக்கும் நாள் குறித்திருக்கிறார்கள். கண்ணாடி பிடித்துப் பார்க்க இளையவர் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லித்தருவேன். இல்லையென்றால் தீபாவளிக்குப் பிறகு மதிப்பு பார்க்கும் நாளை நிறுத்த வேண்டிவரும். பொருளாளர் கதவுக்குப் பக்கத்தில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். மின்தராசையும் அவரிடமே கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்